நீ தொலைக்காத தாயத்து

தம்பி, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காணோம் என்று வீடே தேடிய உன் தாயத்தை நீ தொலைக்கவில்லை. அதை எடுத்தது உன் அம்மா, நான். உன் காம்பஸ் பாக்ஸிலிருந்து, நீ டியூஷன் போயிருந்த நேரத்தில், என் கையால் எடுத்தேன். இந்த நாலு வரியை எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. இவ்வளவு தாமதமாக எழுதுகிறவள் முதலில் நலம் விசாரித்து, நடுவில் புத்திமதி சொல்லி, கடைசியில் மெல்ல விஷயத்துக்கு வந்தால் அதுவும் ஒரு ஏமாற்று வேலைதான். அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். இதற்கு மேல் படிக்கப் பிடிக்காமல் நீ மடித்து வைத்துவிட்டாலும், தெரிய வேண்டியது உனக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் நீ புனே போவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். டிப்ளமோ முடித்து, கேம்பஸ் இன்டர்வியூவில் தேறி, ஒரு கார் கம்பெனியில் ட்ரெயினியாகச் சேரப்போகிற பிள்ளை. அப்பா உன் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஒரு ஃபைலில் அடுக்கி, அதைத் தன் தோள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "இது என்கிட்டயே இருக்கட்டும். நானும் புனே வரைக்கும் வந்து சேர்த்துட்டு வரேன்" என்றார். மீசை முளைத்த பையன், எகிறப் போகிறான் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். "ஆமாப்பா, நீங்களே வெச்சுக்கோங்க. என் கையில குடுத்தா அப்புறம் அதுவும் தாயத்து கதைதான்" என்றாய். அப்பாவும் சிரித்தார். நான் உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையைப் பிரித்துப் பிரித்து மூன்று தடவை மடித்தேன்.

நீ அதைக் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் என்னை அறுக்கிறது. உண்மையாகவே அப்படி நம்புகிறாய். வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாலிடெக்னிக் போனாய். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாய். பஸ் பாஸ் இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டு, அந்த இடத்தில் துணியே நைந்து போயிருக்கிறது. அத்தை படப்பையிலிருந்து போன் பண்ணினால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "இன்னிக்கு எதைடா தொலைச்ச?" என்று கேட்பாள். நீயும் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சிரிப்பாய். எதையும் தொலைக்காத ஒரு பையனை, தொலைக்கிறவன் என்று அவனையே நம்ப வைத்தது நான்தான். இன்னும் ஒரு வாரத்தில் நீ ஊரைவிட்டுப் போகிறாய். அந்த எண்ணத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போகக்கூடாது என்றுதான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, திருத்தாத ரெக்கார்டு நோட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, இதை எழுதுகிறேன்.

அந்தத் தாயத்து எப்படி வந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. நீ பிறந்த எட்டாம் நாள் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது. எனக்கு இருபத்தோரு வயது. பி.எஸ்சி. விலங்கியல் கடைசிப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதியவள். குப்பையில் போட இருந்தேன். அத்தை பாய்ந்து வந்து வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள். முப்பதாம் நாள் உனக்கு அரைஞாண் கட்ட வந்தபோது, வெள்ளியில் சின்னக் குழாய் செய்து, கொடியை உள்ளே போட்டு, இரண்டு பக்கமும் அரக்கு வைத்து மூடிக் கொண்டுவந்திருந்தாள். "புள்ளைக்கு மருந்துல கேக்காத நோய் வந்தா, இதை உரசிக் குடுக்கணும்" என்றாள். "அது செத்துப்போன திசு அண்ணி" என்று நான் படிப்பைக் காட்டினேன். "நீ படிச்சது தவளை. நான் பேசறது புள்ள" என்றாள். வீடே சிரித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது, தம்பி. இருபத்தோரு வயதில் சரியாகத் தெரிந்திருந்த ஒன்று, முப்பத்தாறு வயதில் எனக்குத் தெரியாமல் போனது.

நீ வளர்ந்த பிறகு பி.டி. பீரியடில் துணி மாற்றும்போது பையன்கள் தாயத்தைப் பார்த்துக் கேலி செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். "டேய் பாப்பா, பால் குடிச்சியா?" என்று ஒருவன் வாசலில் நின்றே கூப்பிட்டான். அதற்குப் பிறகு உன் இடுப்பில் கறுப்புக் கயிறு மட்டும் இருந்தது. நீ யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பென்சில் தேடி உன் காம்பஸ் பாக்ஸைத் திறந்தபோது, கவராயத்துக்குப் பக்கத்தில், டிஷ்யூ பேப்பரில் சுற்றி, அது இருந்தது. பிடிக்காத பொருளைக்கூட எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறான் என்று நினைத்து மூடி வைத்தேன். பார், அதைத்தான் நினைத்தேன்.

இனி என் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதவே கூசுகிறது. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அப்பாவின் தொழிற்சாலையில் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். நீ வரவில்லை. அங்கே புதிதாக வந்த ஒரு பையன் அப்பாவிடம், "சார், உங்க அக்காவா? வாங்கக்கா, உள்ள வாங்க" என்று என்னை வரவேற்றான். அப்பா விழுந்து விழுந்து சிரித்து, "ஆமாம்பா, பெரியக்கா" என்றார். அந்தப் பையன் விஷயம் தெரிந்து நெளிந்ததும், எல்லோரும் சிரித்ததும், நானும் சிரித்ததும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அதோடு முடியவில்லை. வீட்டில் காபி வேண்டுமென்றால் "அக்கா, ஒரு காபி". பஸ்ஸுக்கு நேரமானால் "அக்கா, கிளம்பலையா?" உனக்கும் அது வேடிக்கையாக இருந்தது. நீயும் இரண்டு தடவை கூப்பிட்டாய். தப்பில்லை, நீ குழந்தை. அப்பாவும் கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. ஆனால் நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி வருகிறவள். மனசுக்குள் ஒன்று விழுந்தால் அதை நாள் முழுக்க அரைக்கிறவள். கன்னம் இரண்டிலும் கருந்திட்டாக மங்கு. கண்ணோரம் வரி. கழுத்தில் இரண்டு மடிப்பு. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் வெயிலும் சாக்பீஸ் தூளும் சேர்ந்து, முப்பத்தாறு வயதில் என் முகம் என்னைவிட முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவோ அன்றைக்கும் கல்லூரிப் பையன் மாதிரி இருந்தார். கூட நடக்க அவருக்கு வெட்கமாக இருக்குமோ என்று பயந்து, தெருவில் நாலடி பின்னால் நடக்க ஆரம்பித்தேன். அவர் கவனிக்கவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்தது. 'ஸ்டெம் செல் முறையில் இழந்த இளமை.' அப்போது எங்கே பார்த்தாலும் அந்த வார்த்தைதான். பிரசவ ஆஸ்பத்திரிகளில் குழந்தையின் கொடிரத்தத்தைச் சேமித்து வையுங்கள் என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். டி.வி.யில் அதைப் பற்றிப் பேசினார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். இன்னும் தான் என்னவாக வேண்டும் என்று முடிவு செய்யாத செல் அது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நோட்டீஸில் இருந்த விலாசத்துக்குப் போனேன். சேலையூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி. வாசலில் செருப்பு விடும் இடம், உள்ளே ஏ.சி., வெள்ளைக் கோட்டுப் போட்ட காஞ்சனா மேடம். டாக்டரா பியூட்டிஷியனா என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் மேடம் என்றார்கள், நானும் மேடம் என்றேன். லேப்டாப்பில் ஒரு செல் இரண்டாகி, நாலாகி, பூவாக விரிகிற படத்தை ஓடவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன வயசு மேடம்?"

"முப்பத்தாறு."

"உங்க ஸ்கின்னுக்கு அம்பது. குழந்தை பொறந்தப்போ கொடிரத்தம் சேவ் பண்ணீங்களா?"

"அப்பல்லாம் ஏது மேடம்?"

"கவலையே படாதீங்க. வீட்ல தாயத்து இருக்குமே? நம்ம பெரியவங்க என்ன முட்டாளா? ஃபாரின்காரன் இன்னிக்குக் கண்டுபிடிச்சதை அவங்க அன்னிக்கே அரைஞாண்ல கட்டி வெச்சுட்டாங்க. உங்க வயித்துல வந்த கொடி உங்க தோலுக்குச் சேராம வேற யாருக்குச் சேரும்? அதுலேர்ந்து செல் எடுத்து க்ரீமா பண்ணித் தரோம்."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. "பதினஞ்சு வருஷம் காய்ஞ்ச கொடியில உயிரோட செல் எப்படி மேடம் இருக்கும்?"

"விதை காஞ்சுதானே கெடக்கு? தண்ணி ஊத்தினா மொளைக்கலையா?"

தலையாட்டினேன். விதைக்குள் இருக்கும் கரு வேறு, வெயிலில் சுண்டிப்போன சதை வேறு என்று என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்வார்கள். அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்புக்குச் செல் பிரிதலைக் கரும்பலகையில் கலர் சாக்பீஸில் வரைந்து காட்டியிருந்தேன். எனக்குத் தெரியாமல் ஏமாந்தேன் என்று நீ என்னை மன்னிக்க வழியில்லை. எனக்குத் தெரியும். தெரிந்ததைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருந்தேன். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

"வீட்ல திறந்துடாதீங்க, கிருமி பட்டுடும். அப்படியே கொண்டுவாங்க. வெள்ளியைத் திருப்பித் தந்துடறோம்" என்றாள். மறுநாள் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காம்பஸ் பாக்ஸை மூடும்போது, டிஷ்யூ பேப்பரை அதே மாதிரி மடித்துக் கவராயத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லாமல்.

ஒரு வாரத்தில் சின்ன டப்பா ஒன்றை ஐஸ் வைத்துக் கொடுத்தார்கள். ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் வைத்தேன். நீ கேட்டபோது ஹோமியோபதி மருந்து என்றேன். பத்தே நாளில் மங்கு மறைய ஆரம்பித்தது. கன்னம் குழந்தைக் கன்னம் மாதிரி வழவழவென்றானது. ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொருவராக வந்து விசாரித்தார்கள். அப்பா 'அக்கா' என்று கூப்பிடுவதை நிறுத்தினார். ஒருநாள் தாம்பரம் மார்க்கெட்டில் என் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தார். அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன், தம்பி. இதை மறைத்தால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். பரீட்சைக்கு முன்னால் உன்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று. "குளிச்சிட்டுத் தாயத்தைக் கட்டிக்கினு வாடா" என்றாள். என்னைப் பார்த்து, "உன் மூஞ்சி என்னமா பளபளன்னு இருக்கு, என்ன ரகசியம்?" என்று கன்னத்தைக் கிள்ளினாள். நீ உள்ளே போய் பாக்ஸைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. பிறகு நீ மேஜை டிராயரை இழுக்கிற சத்தம். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, இப்போது போய்ச் சொல், இப்போது போய்ச் சொல் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பாக்ஸ்லதான்பா வெச்சேன்" என்றாய் நீ. அப்பா நம்பவில்லை. நீ பீர்க்கன்கரணை ஏரிக்குப் பையன்களோடு குளிக்கப் போனதை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். "ஏரிக்குப் போனியா இல்லையா?" "போனேன்பா. ஆனா தாயத்து பாக்ஸ்ல..." "அங்கதான் விட்டிருக்க. எங்க அக்கா ஆசையா செஞ்சு போட்டது. பொய் வேற சொல்றியா?" அதுவரை உன்மேல் கை வைக்காத மனிதர் பெல்ட்டை எடுத்தார். வாசலில், எதிர்வீடு பக்கத்துவீடு எல்லாம் பார்க்க. கோவளத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா, கூடையை இறக்கி வைத்துவிட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "யோவ் சாரே, புள்ளய வுடுய்யா! பரீட்ச எய்தப் போற புள்ளய இன்னாய்யா இப்பிடி போட்டு அடிச்சிகினுகீற? வெள்ளி போனா போவுது. கை போனா இன்னா பண்ணுவ?" யாரோ ஒரு பெண், வழியோடு போகிறவள், உனக்காகக் கத்தினாள். பெற்றவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அப்போது நீ என்னைத் தேடிப் பார்த்தாய். மூக்கு ஒழுக, மூச்சு வாங்க, "அம்மா, நீ பாத்தியா? பாக்ஸ்ல? நீ பென்சில் எடுப்பியே, பாத்தியா?" என்று கேட்டாய்.

"நான் பாக்கலையேடா" என்றேன்.

பெல்ட் அடி எத்தனை விழுந்ததோ, அத்தனையும் உன் உடம்பில் ஆறிப்போயிருக்கும். இந்த இரண்டு வார்த்தைதான் ஆறவில்லை என்று எனக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு நீ வாதாடவில்லை. "ஏரியிலதான் விழுந்திருக்கும்பா" என்றாய். உன் கண்ணால் பார்த்து, உன் கையால் வைத்த ஒன்றை, அம்மா பார்க்கவில்லை என்று சொன்னதால் நீ விட்டுக்கொடுத்தாய்.

மறுநாள் பள்ளியில் பர்மிஷன் போட்டுவிட்டு சேலையூருக்கு ஓடினேன். தாயத்தை வாங்கிக்கொண்டு வந்து எங்காவது கண்டெடுத்த மாதிரி காட்டிவிடலாம் என்று திட்டம். உண்மையைச் சொல்லும் திட்டம் அப்போதும் இல்லை. காஞ்சனா மேடம் சலித்துக்கொண்டே மேஜையின் கீழ் டிராயரை இழுத்தாள். உள்ளே முழுக்கத் தாயத்துகள். முப்பதோ நாற்பதோ. சிலதில் கறுப்புக் கயிறு, சிலதில் சிவப்பு. எல்லாவற்றையும் நடுவில் வெட்டியிருந்தார்கள். "எது உங்களோடதுன்னு பாத்து எடுத்துக்கங்க மேடம்" என்றாள். டிராயருக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பதினைந்து வருடம் உன்னைக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, துடைத்த கை. எது உன்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை அம்மாக்கள் என்னைப் போலவே பிள்ளை இல்லாத நேரம் பார்த்து எடுத்து வந்தார்களோ. ஒன்றையும் எடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீ வீட்டில் இல்லை. ஏரிக்கரைக்கு வந்தேன். பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, சேற்றில் குனிந்து, இரண்டு கையாலும் துழாவிக்கொண்டிருந்தாய். நாலு நாளில் பரீட்சை. ஆகாயத்தாமரையை ஒதுக்கி ஒதுக்கி, ஒரு அடி நகர்ந்து, மறுபடி குனிந்து, எவ்வளவு ஒழுங்காகத் தேடினாய்! பையன்கள் கரையில் உட்கார்ந்து, "டேய், விடுறா மச்சான், மீனு முழுங்கியிருக்கும்" என்று சிரித்தார்கள். அங்கே இல்லாத ஒன்றை நீ தேடுவது உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். "போகட்டும் விடுடா, வா வீட்டுக்கு" என்று கூப்பிட்டேன். கரைக்கு வந்து, சேற்றுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சாரிம்மா. பாக்ஸ்ல வெச்சேன்னுதான் நெனச்சேன். எனக்கே சரியா ஞாபகம் இல்லபோல" என்றாய். நான் அழுதேன். "அழாதம்மா. அழுதா உன் மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி செவந்துபோகுது" என்றாய். மறுநாளும் தேடப் போனாய். அன்றைக்கு நான் கூப்பிட வரவில்லை. வந்தால் சொல்லிவிடுவேன் என்று பயம்.

கணக்கில் உனக்கு நினைத்த மார்க் வரவில்லை. பிளஸ் ஒன்னில் நீ ஆசைப்பட்ட குரூப் கிடைக்காமல் டிப்ளமோ சேர்ந்தாய். தாயத்து போன ராசி என்று அத்தை சொன்னபோது நீ மறுக்கவில்லை. நானும் சும்மா இருந்தேன்.

என் முகத்துக்கு என்ன ஆனது என்பது உனக்குத் தெரிந்த கதை, காரணம்தான் தெரியாது. டப்பா தீர்ந்து நிறுத்தியதும் கன்னம் எரிய ஆரம்பித்தது. தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது. பருவும் பூனைமுடியும் வந்தன. மீன்கார அக்காதான் முதலில் நேராகக் கேட்டாள்: "இன்னாம்மா மூஞ்சி இப்பிடி வெந்துபோய் கீது? இன்னாத்தப் பூசின?" வெயில் அலர்ஜி என்றேன். எல்லோரிடமும் அதையே சொன்னேன். சேலையூர் மாடிக்குப் போனால் ஷட்டர் இறங்கி 'டு லெட்' போர்டு தொங்கியது. குரோம்பேட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் காலி டப்பாவைக் காட்டினேன். முகத்தைப் பார்த்து, டப்பாவைப் பார்த்து, "இதுல எந்தச் செல்லும் இல்லம்மா. ஸ்டீராய்டைப் பூசியிருக்கீங்க. முதல்ல பளபளன்னு இருந்திருக்குமே?" என்றார். "என்ன வேலை பாக்கறீங்க?" "ஸ்கூல்ல பயாலஜி டீச்சர்." அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். அந்த எரிச்சல் அடங்க ஏழெட்டு மாதம் ஆனது. அத்தனை மாதமும் நீ ஏரிக்கரையிலிருந்து கற்றாழை பிடுங்கிவந்து, சீவி, ஐஸ் தண்ணீரில் கழுவி, ஒரு கிண்ணத்தில் என் பக்கத்தில் வைத்தாய். அதையும் வாங்கிப் பூசிக்கொண்டேன்.

புத்திமதி சொல்லும் தகுதி எனக்குப் போய்விட்டது. ஆனாலும் அம்மாவாக இருப்பது நிற்கவில்லையே. தொழிற்சாலையில் ஒரு பொருள் காணாமல் போகும், ஒரு பாகம் உடையும். பெரிய சத்தத்தோடு வருகிறவன் உன்னைக் கை காட்டுவான். உன் பக்கத்தில் இருக்கிறவன், உனக்குப் பிடித்தவனாகவே இருக்கலாம், நான் பார்க்கவில்லை என்பான். அப்போது 'எனக்கே ஞாபகம் இல்லபோல' என்று சொல்லாதே. உன் கண் பார்த்ததைப் பிடித்துக்கொண்டு நில். பொய் சொல்கிறவர்கள் எப்போதும் அந்நியராக இருப்பதில்லை. இன்னொன்று. நாளைக்கு உனக்கென்று ஒரு பெண் வருவாள். அவளுக்கும் வயதாகும். உனக்கு முன்னாலேயேகூட ஆகலாம். விளையாட்டுக்குக்கூட அவளை 'அக்கா' என்று கூப்பிடாதே. பின்னால் நடந்தால் நின்று கூட்டிக்கொண்டு போ. இதனால் என் குற்றம் குறையவில்லை, அப்பா மேல் பழியும் போடவில்லை. ஒரு சிரிப்புக்கும் ஒரு திருட்டுக்கும் நடுவில் நிறைய தூரம் உண்டு. அந்தத் தூரம் முழுக்க நடந்தவள் நான்தான்.

இதை ஒரு மகளிர் பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் அனுப்ப மாட்டேன். நீ அடி வாங்கியது வாசலில், தெரு பார்க்க. என் ஒப்புதலை மட்டும் கவரில் ஒட்டி ரகசியமாகக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. அந்த டிராயரில் இருந்த மற்ற தாயத்துகளின் அம்மாக்களும் எங்கேயோ இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பழியைச் சுமந்துகொண்டு பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இன்று காலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்போடு திரும்பி நின்று கேட்டார். க்ரீமைப் பற்றியோ, அந்தப் பெண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாக்ஸ்ல வெச்சேன்னு சொன்னானே... எத்தனை தடவை சொன்னான்?" என்றார். "நாலு தடவைங்க" என்றேன். கதவுக்குப் பின்னால் நின்று எண்ணியிருக்கிறேன். அவர் மீதி முகத்தை மழிக்காமலே துடைத்துக்கொண்டு போய், தோள்பையிலிருந்து உன் சர்டிபிகேட் ஃபைலை எடுத்து உன் மேஜையில் வைத்தார். புனேவுக்கு எடுத்திருந்த தன் டிக்கெட்டை ரத்து செய்ய ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. உன்னிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியாது. அவராக வரும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை வழியனுப்ப அத்தை வருகிறாள். அவள் முன்னால், வாசலில் வைத்து, நானே சொல்லப்போகிறேன். நீ நடுவில் புகுந்து பேச்சை மாற்றக்கூடாது. அவள் கத்தட்டும். எதிர்வீடு கேட்கட்டும்.

இந்தக் கடிதத்தை உன் ஃபைலின் மேல் வைத்துவிட்டு நான் சமையலறையில் இருப்பேன். படித்து முடித்ததும் வா. கோபம் வந்தால் கத்து. பேசப் பிடிக்கவில்லையென்றால் பேசாமலே ஊருக்குப் போ, நான் தாங்கிக்கொள்வேன். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் பயம். என் முகத்தைப் பார்ப்பாய், நான் அழுகிறேனா என்று பார்ப்பாய், "பரவால்லம்மா" என்பாய். அதை மட்டும் சொல்லாதே. மூன்று வருடமாக எல்லாவற்றையும் நீயே உன் தலையில் போட்டுக்கொண்டாய். இதையும் போட்டுக்கொள்ளாதே, தம்பி. இது என்னுடையது.